கண்ணை மூட மறுத்த மேஸ்திரி

கொருக்குப்பேட்டையில் ஒரு ஆள் செத்துப்போய்விட்டார் என்று டாக்டர் சொன்னால் போதாது. சுப்புராயன் வந்து சொல்ல வேண்டும். அவர் வந்து, மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்து, "அவ்ளோதான். தலைய தெக்கால திருப்பு" என்ற பிறகுதான் அந்த வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழலாம். அதற்கு முந்தி யாராவது ஒப்பாரியை எடுத்துவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். எதற்கும் ஒரு முறை வேண்டாமா என்பார்.

பிழைப்புக்குத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் மூட்டை தூக்கினார். அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. சாவு வீட்டைப் பற்றிக் கேளுங்கள், பொழுது விடியும்வரை பேசுவார். அதற்குச் சம்பளம் கிடையாது, நியமன உத்தரவும் கிடையாது. தானே ஏறி உட்கார்ந்துகொண்ட பதவி. அதனால்தான் அவரை அதிலிருந்து இறக்க ஒருவராலும் முடியவில்லை. வாய்க்கட்டு, கால்கட்டு, குளிப்பாட்டு, கோடித்துணி, பாடை, மேளம், ஐஸ்பெட்டிக்காரனோடு சண்டை, எல்லாம் அவர் பொறுப்பு. ரயில் நிலையத்தில் இறங்கி 'சாவு வூட்டு மேஸ்திரி' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேரே அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்.

இன்னொரு வித்தையும் இருந்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் இருக்கிறதே, அதில் பிணம் காத்து நிற்கக்கூடாது என்பது அவர் சட்டம். "கேட்டுல நிக்க வெச்சா அதுக்கு மனசு மாறிப் பூடும், எழுந்து வூட்டுக்கு வந்துடும்" என்பார். எந்தக் கூட்ஸ் எத்தனை மணிக்கு வரும், எதில் எத்தனை பெட்டி என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதைப் பார்த்துத்தான் மேளக்காரனுக்குக் கை காட்டுவார். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று யாராவது கெஞ்சினால், "உங்க புள்ளைக்காக கூட்ஸு நிக்குமா?" என்று கேட்டுவிடுவார். அத்தனை கரிசனம்.

சாவைக் கண்டு பயமில்லையா என்று டீக்கடையில் கேட்பார்கள். "பயமா? அது நம்ம தோஸ்து மாமு. நம்மளக் கண்டா எழுந்து நின்னு சலாம் வெக்கும்" என்பார். உதாருக்கு என்ன குறைச்சல்!

இப்பேர்ப்பட்டவர் எழுபத்தேழாவது வயதில், ஆறே மாதத்தில் மூன்று தரம் விழுந்தார்.

முதல் தரம் பூனை குறுக்கே வந்ததாம். பூனை இருப்பது உண்மைதான். அந்த நேரத்தில் அது பக்கத்து வீட்டு மாடியில் கருவாடு தின்றுகொண்டிருந்தது. இரண்டாம் தரம் மகள் பவானி தரையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தாளாம். மூன்றாம் தரம் மருமகன் தீபனின் செருப்பு தடுக்கியதாம். அந்தத் தரம் புருவத்தில் ஆறு தையல். தையல் போட்ட டாக்டரிடமும் அந்தச் செருப்பைப் பற்றித்தான் புகார் சொன்னார்.

தீபனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. நல்ல பையன். ஆனால் பிணம் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. எதிரே சாவு மேளம் வந்தால் சந்துக்குள் நுழைந்துகொள்வான். முப்பத்தைந்து வயதில் இதுவரை ஒரு சாவு வீட்டிலும் உள்ளே கால் வைத்ததில்லை. சாவு வீட்டு மேஸ்திரிக்கு இப்படி ஒரு மருமகன்! சுப்புராயனுக்கு அது ஊரறிந்த அவமானம். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவார்.

மூன்றாவது தரம் விழுந்த மறுநாள் தீபன் ஒரு பூட்டு வாங்கி வந்தான். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற நேரத்தில் வாசல் கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. கிழவர் வெளியே போய் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது? மூன்று தரமும் மனிதர் விழுந்தது வீட்டுக்குள்ளே. அதனால் தெருக்கதவைப் பூட்டினார்கள். யோசனை சொன்னவன் தீபன், தலையாட்டியவள் பவானி, இரண்டு பேரும் டிகிரி வாங்கியவர்கள்.

சுப்புராயன் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். பிறகு கிரில்லுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிக் குறை சொன்னார். சாவி பவானியின் கைப்பையில் திருவொற்றியூர் கம்பெனிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பி வரும்.

அந்த வாரம்தான் நாலு வீடு தள்ளி ஆவுடையம்மாள் செத்துப்போனாள். அவள் வீட்டார் ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் மேஸ்திரி கம்பிக்குப் பின்னால் இருக்கிறார். பூட்டை உடைக்கட்டுமா என்று ஒருவன் கேட்டான். உடைத்தால் பவானியிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அவர்களே செய்துகொள்ளப் போய்விட்டார்கள். சுப்புராயன் கிரில்லைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினார். "டேய், வாய்க்கட்ட அவுக்காத! அந்தாண்ட இன்னாடா, தலமாட்ட தெருப் பக்கம் வெச்சிகினு கீறீங்க? கலீஜ் பண்றாங்கய்யா, ஒரே கலீஜ்!" மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஊர்வலம் அவர் வாசலைத் தாண்டிப் போனது. கேட்டில் கூட்ஸ் ரயில் வந்து, ஆவுடையம்மாள் வெயிலில் இருபத்தைந்து நிமிஷம் காத்துக் கிடந்தாளாம். அதைக் கேட்டபோது சுப்புராயன் அழுதே விட்டார். ஆவுடையம்மாளுக்காக இல்லை, அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்காக.

அன்று சாயங்காலம் உண்ணாவிரதம் அறிவித்தார். சாவி கையில் வரும்வரை சோறு தொடமாட்டாராம். மறுநாள் டீக்கடைக்காரர் கம்பி வழியாக நாலு வடை கொடுத்துவிட்டுப் போனார். வடை சோறு இல்லையே.

பவானிக்கு ஒரே பேஜாராகிவிட்டது. கம்பெனியில் கூட வேலை செய்கிறவள் ஒரு வழி சொன்னாள். ராயபுரத்தில் ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது, அங்கிருந்து பிசியோ ஒருத்தி வீட்டுக்கே வந்து வயதானவர்களுக்கு நிற்க, நடக்க முடிகிறதா என்று சோதித்து மார்க் போடுவாள் என்று.

"அம்பத்தாறு மார்க்கு நைனா" என்றாள் பவானி. "நாப்பத்தஞ்சுக்கு மேல எடுத்தினா சாவி உன்னுது. எடுக்கலன்னா நா சொல்றபடி கம்முனு வூட்டாண்ட குந்தணும். சரியா?"

"இன்னா டெஸ்ட்டு? எழுதணுமா?"

"இல்ல. நிக்கணும், குந்தணும், திரும்பணும்."

"நிக்கறதுக்கு டெஸ்ட்டா?" சுப்புராயன் தொடையில் தட்டிச் சிரித்தார். "தே, பவானி, நூறு கிலோ மூட்டையத் தலையில வெச்சிகினு பலகை மேல ஓடுனவன் நானு. இன்னாத்துக்கு அம்பத்தாறு? அறுவதாப் போட்டுக்கச் சொல்லு அந்த அம்மாவ."

அடுத்த சனிக்கிழமை மெர்லின் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டியிலிருந்து ஒரு மரப்படி, ஒரு அடிஸ்கேல், ஒரு அட்டையில் செருகிய தாள்கள் எல்லாவற்றையும் இறக்கினாள். தீபனுக்கு அன்று இரவு ஷிஃப்ட், அதனால் வீட்டில் இருந்தான். பவானி லீவு போட்டிருந்தாள். சுப்புராயன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றிக்கு விபூதி இட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கைய ஊணாம எழுந்திருங்க தாத்தா" என்றாள் மெர்லின். எழுந்தார். "எதையும் புடிக்காம ரெண்டு நிமிஷம் நில்லுங்க." நின்றார். நின்றதோடு விட்டாரா, அந்த இரண்டு நிமிஷத்தில் ஐஸ்பெட்டி வந்த பிறகு சாவு வீட்டில் ஒழுக்கம் கெட்டுப்போனதைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தார். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். தரையில் கிடந்த செருப்பை எடுக்கச் சொன்னாள். அது தீபனுடைய செருப்பு. இரண்டு விரலால் தூக்கி, "இதான்மா அந்தக் கொலகாரன்" என்று காட்டிவிட்டுப் போட்டார். எல்லாவற்றுக்கும் நாலுக்கு நாலு.

"கண்ண மூடிகினு பத்து செகண்டு நிக்கணும்."

"அது அப்பால பாத்துக்கலாம்" என்றார் சுப்புராயன், கையை வீசி.

மெர்லின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். "சரி, ரெண்டு காலையும் ஒட்ட சேத்து வெச்சி ஒரு நிமிஷம் நில்லுங்க."

இங்கேதான் வந்தது வம்பு. சுப்புராயன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இந்தாம்மா, கால எப்ப சேத்து வெப்பாங்க தெரியுமா? சேத்து வெச்சி, ரெண்டு கட்ட வெரலயும் துணி கிழிச்சிக் கட்டுவோம். அதுக்கப்பால அந்த ஆளு எழுந்து நின்னதா சரித்திரம் இல்ல. எட்நூறு பேருக்கு இந்தக் கையால கட்டிகீறேன். இப்ப எனக்கு நானே கட்டிக்கணுமா?"

பவானி தலையில் அடித்துக்கொண்டாள். மெர்லின் அசரவில்லை. அட்டையிலிருந்து ஒரு தாளை உருவி, நாலாக மடித்து, அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் செருகினாள். "இப்ப ஒட்டல இல்ல? நடுவுல பேப்பர் கீது." கோவிலில் வழக்கு விசாரிக்கிற தர்மகர்த்தா மாதிரி சுப்புராயன் கொஞ்ச நேரம் யோசித்தார். நடுவில் காகிதம் இருந்தால் அது கால்கட்டு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். நாலு.

வலது பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றச் சொன்னாள், சுற்றினார். இடது பக்கமாக என்றதும் மறுபடி மறியல். கொள்ளிக்குடம் எடுத்தவன்தான் இடது பக்கமாகச் சுற்றுவான், உயிரோடு இருக்கிறவன் சுற்றமாட்டான். சரி, நின்ற இடத்தில் நின்றபடி தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பாருங்கள் என்றாள். ஐயோ, அது எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம்! குடத்தை உடைத்தவன் திரும்பிப் பார்க்கலாமா? ஐம்பது வருஷமாக அவர் ஊருக்குச் சொன்ன ஒரே உபதேசம், 'திரும்பிப் பாக்காத நட' என்பதுதானே!

சமையலறை வாசலில் நின்ற தீபனுக்கு அடக்க முடியவில்லை, களுக்கென்று சிரித்துவிட்டான்.

"இன்னாடா இளிப்பு?" என்று சுப்புராயன் இடது தோளுக்கு மேல் திரும்பி அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், "பொணத்தக் கண்டா ஓடற பையன் என்னப் பாத்துச் சிரிக்கிறியா?" என்றபடி இடது பக்கமாகவே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நாற்காலியைப் பிடித்தார். மெர்லின் குனிந்து எழுதினாள். "பின்னாடி பாத்தது, நாலு. எடது பக்கம் சுத்துனதும் ஆச்சு. சூப்பரா பண்ணீங்க தாத்தா."

கிழவர் வாயைப் பிளந்தார். அரை நிமிஷத்தில் அவருடைய சாஸ்திரத்தில் பாதி காலி.

மரப்படியில் மாற்றி மாற்றிக் கால் வைப்பதில் ஒரு மார்க் போனது. ஒரு காலுக்கு முன்னால் மற்றதை வைத்து நிற்பதில் இரண்டு போனது. ஒற்றைக் காலில் மூன்று எண்ணுவதற்குள் தடுமாறினார், மூன்று போனது. மெர்லின் தாளைத் திருப்பினாள்.

"இப்ப அந்தக் கண்ண மூடறது."

"நா கண்ண மூடுனா நீங்க நெத்தியில காசு ஒட்டிடுவீங்க" என்றார். தீபன் சிரித்தான், பவானியும் சிரித்தாள். மெர்லின் சிரிக்கவில்லை.

"கால எவ்ளோ வேணா அகலமா வெச்சிக்கங்க. பக்கத்துல நா நிக்கறேன். பத்தே செகண்டு."

"மொறை இல்லம்மா."

"தூங்கறப்ப மூடறீங்க இல்ல?"

"அது படுத்துகினு."

"படுத்துகினு மூடலாம், நின்னுகினு மூடக்கூடாதுன்னு எந்த மொறையில கீது தாத்தா?"

சாவு வீட்டில் ஐயரையே மடக்கியவர், நெற்றி விபூதியைத் தடவிச் சரிசெய்துகொண்டார். மெர்லின் குரலைத் தணித்துக் கேட்டாள். "மூணு தபா வுழுந்தீங்களே. பூனைய வுடுங்க, செருப்ப வுடுங்க. அப்ப இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"மூணு தபாவும் பாத்ரூம்லதான்" என்றாள் பவானி. சொல்லும்போதே அவளுக்கு ஏதோ உறைத்தது. "மூணாவது தபா ஓடிப்போய்த் தூக்குனப்ப மூஞ்சி பூரா சோப்பு நொரை. ரத்தமும் நொரையுமா..."

"சும்மா கெட" என்று சுப்புராயன் அவள் மேல் பாய்ந்தார். "பத்து இன்னா பத்து? நூறு எண்ணு. இந்தா!" கால்களை அகட்டி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை இறுக மூடினார்.

ஒன்று என்றாள் மெர்லின். இரண்டு சொல்ல நேரமில்லை. நூறு கிலோ மூட்டையோடு பலகை மேல் ஓடியவர், முளை பிடுங்கிய பந்தக்கால் மாதிரி அப்படியே பின்பக்கம் சாய்ந்தார். மெர்லின் இடுப்பைப் பிடித்தாள், தீபன் பாய்ந்து வந்து தோளைத் தாங்கினான். இருவருமாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேட்டி நழுவியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கண்ணை அகலத் திறந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுனா தரை இல்லம்மா" என்றார். "ஆடி மாசத்துலேர்ந்து இப்டி. காலு எங்க கீதுன்னே தெர்ல. சோப்பப் போட்டுகினு கண்ண மூடறேன், எவனோ புடிச்சித் தள்றான். ராத்திரில லைட்ட அணைக்கவே வுடறது இல்ல நானு." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "பயமா கீது."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. பவானி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெர்லின் விஷயத்தைச் சொன்னாள். இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி, பாதத்திலிருந்து தலைக்குச் சேதி சரியாகப் போகவில்லை. அந்த வேலையையும் கண்தான் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் ஆள் அவ்வளவுதான். நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், பயிற்சி இருக்கிறது, செய்தால் கொஞ்சம் தேறும். சொல்லிவிட்டுக் கூட்டிப் பார்த்தாள். கண்ணை மூடுவதற்குச் சைபர் போட்டும் நாற்பத்தாறு வந்தது.

நாற்பத்தாறு! அந்தப் பாழாய்ப்போன கணக்குப்படி மனிதர் பாஸ்.

"பகல்ல, முழிச்சிகினு, ஒரு கம்ப வெச்சிகினு நடந்தாருன்னா தெருவுல இவருக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் மெர்லின், தாள்களை அடுக்கியபடி. "நீங்க இன்னாடான்னா தெருவப் பூட்டிட்டு பாத்ரூமத் தொறந்து வெச்சிகீறீங்க. ஆபத்து எங்கக்கீதோ அங்க பூட்டு இல்ல." தீபன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். சொறிய வேண்டியதுதான். "ஒரு ஸ்டூல் போடுங்க, புடிக்கக் கம்பி அடிங்க. மூஞ்சி கழுவறப்ப, தலைக்கு ஊத்தறப்ப ஒரு ஆளு கூட நின்னு செஞ்சி வுடணும். தனியா வுடவே கூடாது."

பவானி பேச்சு மாறாதவள். பையிலிருந்து சாவியை எடுத்து அப்பா கையில் வைத்தாள். "ஆனா குளிக்கறது அந்த அம்மா சொன்னபடிதான் நைனா. அது கூட வந்து செய்யும்" என்று புருஷனைக் காட்டினாள்.

சுப்புராயன் முகம் கறுத்தது. "மூச்சு கீற வரிக்கும் என்ன எவனும் குளிப்பாட்டக் கூடாது" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். குளிப்பாட்டுவது என்றால் என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கையைத் தூக்கினால் கை அப்படியே வரும், விட்டால் விழும். இந்தப் பக்கம் புரட்டு, அந்தப் பக்கம் புரட்டு என்பார்கள். வேட்டி விலகினால் எவனோ இழுத்து மூடுவான். அந்த உடம்புக்கு இதில் ஒரு பேச்சும் கிடையாது.

ஸ்டூல் வந்தது, கம்பியும் வந்தது. சுப்புராயன் இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு குளித்தாயிற்று என்றார். எட்டு நாள் அப்படி ஓடியது. எட்டாம் நாள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாசூக்காக எதிர்ப் பெஞ்சுக்கு மாறினார்கள். கம்பை ஊன்றித் தெருத்தெருவாக நடந்தார், சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கியது. சொர்க்கம்தான், போங்கள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பின் தெரு மீன்காரி கன்னியம்மா போய்ச் சேர்ந்தாள். ஆள் வந்தது. தானே பூட்டைத் திறந்து, உள்ளே தூங்குகிற மருமகனோடு சேர்த்துத் தானே பூட்டிக்கொண்டு மேஸ்திரி புறப்பட்டார். அடடா, அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்! வாய்க்கட்டு சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினார். பாடை கட்டியவனை நாலு வார்த்தை திட்டினார். மேளக்காரனுக்குச் சரியாக ஒன்று இருபதுக்குக் கை காட்டினார். இரண்டு கூட்ஸுக்கு நடுவில், ஒரு நொடி நிற்காமல், கன்னியம்மா மகாராணி மாதிரி கேட்டைத் தாண்டினாள். மூலக்கொத்தளத்தில் அவள் மகனின் தோளைத் தட்டி, "திரும்பிப் பாக்காத நட" என்றார். எல்லோரும் அங்கேயே குழாயில் தலைமுழுகினார்கள். மேஸ்திரி, நீங்க முழுவலியா என்று கேட்டபோது, "நா வூட்ல பாத்துக்கறேன்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வாசலில் வந்து இறங்கி, சாவியை நுழைத்து, கேட்டைத் திறந்தார். ஒரு காலை எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுடுகாட்டிலிருந்து வந்தவன் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் படியேறக் கூடாது. இந்தப் பேட்டை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவரே அவர்தான். மூன்று வயதுக் குழந்தைகூடத் தப்பியதில்லை. சாவி கையில் இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே போக முடியவில்லை.

வெளிக்குழாயடியில் வாளி இருந்தது. நிறைந்திருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, செம்பில் மொண்டு தலைக்கு மேலே தூக்கினார். தண்ணீர் இறங்கினால் கண் மூடும். கை மேலேயே நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மெல்லச் செம்பை இறக்கி வாளியில் போட்டார். மறுபடி மொண்டார். மறுபடி இறக்கினார். வெயில் கொளுத்தியது.

உள்ளே இரவு ஷிஃப்ட்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த தீபன் செம்புச் சத்தத்தில் எழுந்து வந்தான். மாமனாரைப் பார்த்தான். எங்கே போய்விட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. காலையிலிருந்து ஒரு பிணத்தைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டிய கை. உள்ளே திரும்பிப் போய்விட்டான். அவ்வளவுதான் என்று சுப்புராயன் நினைத்தார். அவர்மேல் தப்பு, பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

தீபன் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு வந்தான். குழாயடியில் ஸ்டூலைப் போட்டான்.

"குந்து மாமா."

"தெருவே பாத்துகினு கீது மாப்ள."

"பாக்கட்டும். குந்து."

உட்கார்ந்தார். தீபன் லுங்கியை மடித்துக் கட்டினான். இடது கையை மாமனாரின் தோளில் அழுத்தி வைத்தான். "கண்ண மூடு. நா கீறேன்." முதல் செம்பு தலையில் இறங்கியது. சுப்புராயன் கண்ணை மூடினார். மூடியதும் ஸ்டூலும் தரையும் எங்கோ போய்விட்டன. குருட்டாம்போக்கில் கையை வீசித் துழாவி, கிடைத்த லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி சில்லுனு கீது மாப்ள. இன்னா ஊத்தற நீ?"

"இரு மாமா, உள்ள சுடுதண்ணி வெச்சிகீறேன். எடுத்தாரேன்."

"வேணாம், வேணாம்" என்றார் சுப்புராயன், முகமெல்லாம் நுரையோடு, பிடியை விடாமல். "சில்லுனே ஊத்து. நீ எங்கியும் போவாத."